மின்சாரம் நின்றதும் மறையும் எஸ்எஸ்டி: லினக்ஸ் கர்னலில் இணைப்பு மின்சேமிப்புப் பிழையைத் தேடிப் பிடிக்கும் முறை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவர் ஒருவர் தமது மடிக்கணினியை என்னிடம் கொண்டுவந்தபோது, அதன் மின்கலமும் சார்ஜரும் ஏற்கெனவே புதிதாக மாற்றப்பட்டிருந்தன. வீட்டில் மின்சாரம் இருக்கும்வரை கணினி ஒரு குறையுமின்றி ஓடும். மின்சாரம் நின்றால் கால் மணித்தியாலத்துக்குள் உறைந்துவிடும். சுட்டி அசையும், திறந்திருந்த பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தலாம், ஆனால் எந்த ஆணையை இட்டாலும் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். மின்சாரம் நிற்கும்போது வருகிற பழுதை மின்சாரத்தின் பழுதாகவே பலரும் எண்ணுவர்; அதனால்தான் மின்கலத்தை மாற்றியிருந்தார்கள். உண்மையில் பழுது இருந்த இடம் வேறு. செயலிக்கும் (சிபியு) தரவுச் சேமிப்பகமாகிய எஸ்எஸ்டிக்கும் இடையே செல்லும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு, மின்சாரத்தைச் சேமிப்பதற்காக உறங்கி, பின்னர் சரியாக எழ முடியாமல் போனதே காரணம்.

இத்தகைய பழுதை எப்படித் தேடுவது என்பதை அந்தக் கணினியையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே எழுதுகிறேன். ஆணைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். முனையத்தில் தட்டும்போது அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளைப் பயன்படுத்துக.

உறங்குவது எது என்பதை முதலில் பிரித்தறிதல்

பிசிஐ எக்ஸ்பிரஸ் உலகில் இரண்டு வகை உறக்கங்கள் உள்ளன. ஒன்று சாதனத்தின் உறக்கம். முழு விழிப்பு டி0. மிக ஆழ்ந்த நிலை டி3. டி3 இலும் இணைப்புக்கு மின் இருக்கும் நிலை டி3ஹொட் எனவும், முதன்மை மின் முற்றாக நீக்கப்பட்ட நிலை டி3கோல்ட் எனவும் பெயர்பெறும். மற்றையது இணைப்பின் உறக்கம். சாதனம் டி0 இல் விழித்திருக்கும்போதே, அனுப்புவதற்குத் தரவு ஏதும் இல்லாத சிறு இடைவேளைகளில், இணைப்பு மட்டும் தானாக எல்0 என்னும் முழு இயக்க நிலையிலிருந்து எல்0எஸ் அல்லது எல்1 நிலைக்கு இறங்குகிறது. இதற்கே ஏஎஸ்பிஎம், அதாவது செயல்நிலை மின்மேலாண்மை என்று பெயர். எல்0எஸ் ஒரு திசையை மட்டும் உறங்கவைக்கும். எல்1 இரு திசைகளையும் சேர்த்து உறங்கவைக்கும். ஆகையால் கீழ்முனையிலுள்ள சாதனம் கேட்டு, மேல்முனையில், அதாவது செயலிப் பக்கத்தில், உள்ள போர்ட் இசைந்த பின்னரே அதற்குள் இறங்க முடியும். பிற்காலத்தில் எல்1 இன் கீழ் எல்1.1, எல்1.2 என்ற இரு துணைநிலைகள் சேர்க்கப்பட்டன. எல்1.2 இல் கம்பிகளின் பொது மின்னழுத்தத்தைக்கூடப் பேணத் தேவையில்லை. சேமிப்பு மிக அதிகம், எழுந்திருக்க எடுக்கும் நேரமும் அதிகம்.

இந்த இறக்கத்தையும் ஏற்றத்தையும் வன்பொருளே செய்கிறது. ஒவ்வொரு முறையும் இயங்குதளத்தின் கருவாகிய கர்னலைக் கேட்பதில்லை. எந்தெந்த நிலைகளுக்கு அனுமதி உண்டு என்பதை இரு முனைகளின் பதிவகங்களிலும் (வன்பொருளுக்குள் அமைப்புகளை வைத்திருக்கும் சிறு நினைவிடங்கள்) எழுதி வைப்பது மட்டுமே கர்னலின் வேலை. இதனை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒரு சாதாரண இயக்கிப் பிழையைத் தேடும்போது கர்னல் பதிவில் தடம் தேடுகிறோம். இங்கோ இணைப்பு எப்போது உறங்கியது, எப்போது எழுந்தது என்று கர்னலுக்கே தெரியாது. ஆகவே தேடலின் மையம் பதிவுக் கோப்பு அன்று, பதிவகம்தான்.

சோதனைக்கு முன் இரண்டு ஏற்பாடுகள்

மறைந்துபோகும் எஸ்எஸ்டியிலேயே இயங்குதளம் இருந்தால், மறைந்த கணத்தில் நடந்ததை எழுத இடம் இருக்காது. மீண்டும் தொடக்கியபின் பதிவுக் கோப்பைப் பார்த்தால் பழுதுக்குச் சற்று முன் வரையுள்ள வரிகள் மட்டுமே தெரியும். பழுது சொன்ன வரி அங்கே இருக்காது. எனவே பென் டிரைவ் ஒன்றிலிருந்து லினக்ஸைத் தொடக்கி, எஸ்எஸ்டியை வெறும் சந்தேகத்துக்குரிய சாதனமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது எஸ்எஸ்டி விழுந்தாலும் முனையம் உயிரோடு இருக்கும், ஆணைகள் இயங்கும், பதிவும் தப்பும். ஒரு நிபந்தனை உண்டு: பென் டிரைவில் உள்ள கர்னல் பதிப்பும், பழுது தோன்றிய கர்னல் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். மின்சேமிப்பு அமைப்புகளும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இல்லையேல் வேறொரு கணினியைச் சோதித்தவர் ஆவீர்கள்.

பென் டிரைவ் வழி இயலாதபோது, கைத்தொலைபேசியிலிருந்து வைஃபை ஊடாக எஸ்எஸ்எச் மூலம் நுழைந்து, 'டிமெஸ்ஜி --ஃபொலோ' என்ற ஆணையைப் பழுது வருவதற்கு முன்பே ஓடவிட்டு வைக்கலாம். அந்த நிரல் ஏற்கெனவே நினைவகத்தில் ஏறியிருப்பதால், எஸ்எஸ்டி போனபின்னும் கர்னலின் கடைசி வரிகள் தொலைபேசித் திரையில் வந்து விழ வாய்ப்பு அதிகம். அந்த மாணவரின் கணினியில் முதல் சான்று எனக்கு இவ்வாறே கிடைத்தது. என்விஎம்இ கட்டுப்படுத்தி, அதாவது எஸ்எஸ்டியின் கட்டுப்பாட்டுச் சில்லு, விழுந்துவிட்டது, மீளமைக்கப்படும் என்று ஒரு வரி. அதில் நிலைப் பதிவகத்தின் மதிப்பாக எட்டு எஃப் எழுத்துகள். எல்லாப் பிட்டும் 1 ஆக வரும் வாசிப்பு எஸ்எஸ்டி கொடுத்த விடை அன்று. அக்கரையில் விடை சொல்ல யாரும் இல்லாதபோது இக்கரையிலுள்ள போர்ட் நிரப்பிக் கொடுக்கும் மதிப்பு அது. எஸ்எஸ்டிக்குள் கோப்பு முறைமை கெட்டதா, நிரல் பிழையா என்ற கேள்விகளெல்லாம் அந்த ஒரு மதிப்பைக் கண்டவுடன் ஒதுங்கிவிடுகின்றன.

இரண்டாவது ஏற்பாடு, நலமாக இருக்கும் நேரத்தின் படத்தைப் பிடித்து வைப்பது. சார்ஜர் செருகியிருக்கும்போது ஒருமுறையும், கழற்றியபின் ஒருமுறையும், மூடித் திறந்து உறக்கத்திலிருந்து எழுப்பியபின் ஒருமுறையும் 'சூடோ எல்எஸ்பிசிஐ -விவிவி' என்ற ஆணையின் வெளியீட்டைத் தனித்தனிக் கோப்புகளில் சேமித்து, மூன்றையும் 'டிஃப்' கொண்டு ஒப்பிடுங்கள். நிர்வாகி உரிமை இன்றி இட்டால் நமக்கு வேண்டிய பகுதியே அணுகல் மறுக்கப்பட்டது என்று வரும். பல பழுதுகளின் விடை இந்த ஒப்பீட்டிலேயே வெளிப்பட்டுவிடும் என்பது என் அனுபவம். குறிப்பாக, உறக்கத்திலிருந்து எழுந்தபின் எல்1 துணைநிலைப் பதிவகங்கள் ஒரு முனையில் மட்டும் மாறியிருந்தால், வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

பதிவகத்தை நேரே வாசித்தல்

'எல்எஸ்பிசிஐ -ரி' என்ற ஆணை சாதனங்களை மரவடிவில் காட்டும். எஸ்எஸ்டி 01:00.0 என்ற முகவரியிலும், அதற்கு மேலுள்ள ரூட் போர்ட் 00:06.0 என்ற முகவரியிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இணைப்பு என்பது இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஆகவே எப்போதும் இரண்டையும் வாசிக்க வேண்டும். எஸ்எஸ்டியின் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்வது, தொலைபேசி உரையாடலில் ஒருவர் பேசியதை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது போன்றது.

வெளியீட்டில் மூன்று வரிகள் முக்கியமானவை. 'எல்என்கேகேப்' வரி அந்த முனைக்கு எந்த நிலைகள் இயலும், எழ எவ்வளவு நேரமாகும் என்று சொல்லும். 'எல்என்கேசிரிஎல்' வரி இப்போது எது அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும். 'எல்1சப்சிரிஎல்1' வரி துணைநிலைகளைக் கூட்டல், கழித்தல் குறிகளால் காட்டும். கூட்டல் என்றால் அனுமதி உண்டு, கழித்தல் என்றால் இல்லை.

இதனையே எண்ணாகவும் வாசிக்கலாம். 'செட்பிசிஐ -எஸ் 01:00.0 கேப்_எக்ஸ்ப்+10.டபிள்யூ' என்று இட்டால், இணைப்புக் கட்டுப்பாட்டுப் பதிவகத்தின் 16 பிட் மதிப்பு பதினாறடிமானத்தில் வரும். அந்த மாணவரின் கணினியில் மின்கலத்தில் ஓடும்போது வந்தது 0142. கடைசி இலக்கத்தின் கீழ் இரு பிட்டுகளே ஏஎஸ்பிஎம் அனுமதி: 0 என்றால் ஒன்றுமில்லை, 1 என்றால் எல்0எஸ், 2 என்றால் எல்1, 3 என்றால் இரண்டும். ஆகவே இங்கே எல்1 அனுமதிக்கப்பட்டிருக்கிறது. நடுவிலுள்ள 4, இரு முனைகளும் ஒரே கடிகாரத் துடிப்பைப் பகிர்கின்றன என்பதைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள 1, தேவையற்ற வேளையில் கடிகாரத்தை நிறுத்தும் அனுமதி. அதே நேரத்தில் ரூட் போர்ட்டில் வந்தது 0042. கடிகாரத்தை நிறுத்தும் பிட் கீழ்நோக்கிய போர்ட்டுகளுக்கு உரியதன்று என்பதால், இந்த வேறுபாடு இயல்பானதே. இதைக் கண்டு பதறி ஒரு நாளை வீணாக்க வேண்டாம்.

'ஓஃப்' என்று எழுதினால் அணைந்துவிடாது

இத்துறையில் மிகப் பலரை வழிதவறச் செய்யும் ஒரு செய்தியைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். 'பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஓஃப்' என்ற தொடக்க அளவுரு ஏஎஸ்பிஎம்மை அணைக்காது. ஏஎஸ்பிஎம் அமைப்பைக் கர்னல் தொடவே கூடாது, கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் எப்படி வைத்துவிட்டுப் போனதோ அப்படியே இருக்கட்டும் என்பதுதான் அதன் பொருள். கர்னலின் ஆவணமும் அப்படியே கூறுகிறது. பயாஸ் எல்1 ஐ இயக்கிவிட்டுப் போயிருந்தால், 'ஓஃப்' கொடுத்த பின்னும் எல்1 இயங்கிக்கொண்டே இருக்கும். பழுது தொடர்வதைக் காண்பவர், அணைத்துப் பார்த்தும் தீரவில்லை, ஆகவே காரணம் ஏஎஸ்பிஎம் அன்று என்று முடிவுகட்டி, உண்மையான குற்றவாளியை விடுதலை செய்துவிடுவார். என்விஎம்இ இயக்கியே புதிய கர்னல்களில், கட்டுப்படுத்தி விழும்போது, இந்த அளவுருவை வேறு அளவுருக்களோடு சேர்த்து முயலும்படி பதிவில் அறிவுரை எழுதுகிறது. அந்த அறிவுரை முதலுதவிக்கு உதவலாம், காரணத்தை அறிய உதவாது. பலவற்றை ஒன்றாக மாற்றினால் எது தீர்த்தது என்று சொல்ல முடியாது.

உண்மையாகவே எல்லா இணைப்புகளிலும் அணைக்க விரும்பினால், கொள்கையை மாற்ற வேண்டும். கர்னல் தன் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் பிசிஐஇ_ஏஎஸ்பிஎம் மொடியூலின் 'பரமீட்டர்ஸ்' அடைவில் 'பொலிசி' என்ற கோப்பு உள்ளது. அதில் டிஃபோல்ட், பெர்ஃபோமன்ஸ், பவர்சேவ், பவர்சூப்பர்சேவ் என்ற நான்கில் ஒன்று சதுர அடைப்புக்குள் நிற்கும். அதுவே நடைமுறையில் இருப்பது. பெர்ஃபோமன்ஸ் எல்லாவற்றையும் அணைக்கும். பவர்சேவ் எல்0எஸ், எல்1 வரை செல்லும். பவர்சூப்பர்சேவ் துணைநிலைகளையும் திறந்துவிடும். டிஃபோல்ட் என்பது பயாஸ் வைத்தபடி.

அந்த மாணவரின் கணினியில், சார்ஜர் இருக்கும்போது அடைப்புக்குள் நின்றது டிஃபோல்ட். சார்ஜரைக் கழற்றி, கோப்பை மீண்டும் வாசித்தபோது அடைப்பு பவர்சூப்பர்சேவுக்கு நகர்ந்திருந்தது. மின்கல நேரத்தை நீட்டிக்கவென்று அவரே நிறுவிய மின்சேமிப்புச் சேவை ஒன்று, மின்சாரம் போன கணத்தில் கொள்கையை மாற்றிக்கொண்டிருந்தது. மின்வெட்டுக்கும் எஸ்எஸ்டி மறைவதற்கும் இடையேயிருந்த தொடர்பு அவ்வளவே.

பயாஸின் சொல்லுக்கும் செயலுக்கும் இடையே முரண் இருப்பதும் உண்டு. பயாஸ் தன் அறிவிப்புகளைக் கர்னலுக்குத் தரும் ஏசிபிஐ அட்டவணையில், இந்தக் கணினிக்கு ஏஎஸ்பிஎம் இல்லை என்று அறிவித்துவிட்டு, பதிவகங்களில் மட்டும் அதை இயக்கி வைக்கும் பயாஸ்கள் உள்ளன. 2011 இல் வெளிவந்த 2.6.38 ஆம் கர்னல், அந்த அறிவிப்பை நம்பி இயக்கியிருந்ததை அழித்ததால், பல மடிக்கணினிகளின் மின்நுகர்வு ஏறியது. அத்தகைய கணினியில் உள்ளதை உள்ளபடி விட்டுவிடுவதே விண்டோஸின் நடத்தை என்பதைக் கண்டு, கர்னல் நிரலாளர் மத்தியூ கரட் அதே ஆண்டில் கர்னலின் அந்தப் பகுதியைத் திருத்தி எழுதினார். உங்கள் கணினியில் இந்நிலை உண்டா என்பதைத் தொடக்கப் பதிவில், ஏசிபிஐயின் எஃப்ஏடிரி அட்டவணை ஏஎஸ்பிஎம்மை மறுக்கிறது என்று வரும் வரியிலிருந்து அறியலாம். அப்படியானால் அடுத்த பகுதியில் சொல்லப்போகும் கோப்புகளே தோன்றமாட்டா. 'ஓஃப்' கொடுத்துத் தொடக்கியிருந்தாலும் தோன்றமாட்டா.

ஒரு இணைப்பு, ஒரு நிலை, ஒரு மாற்றம்

எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பழுது தீர்ந்தது என்று கணினியைத் திருப்பிக் கொடுப்பது எளிது. ஆனால் 2022 மார்ச் இறுதியில் நாள் ஒன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டுப் பார்த்த இலங்கையில், மின்கலத்தின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் மதிப்பு உண்டு. இணைப்புகள் உறங்காவிட்டால் பல கணினிகளில் செயலித் தொகுதியும் ஆழ்ந்த ஓய்வுநிலைக்குள் இறங்க முடியாது. ஒரு சிறு இணைப்பின் விழிப்பு முழுக் கணினியையும் விழித்திருக்கச் செய்யும். ஆகவே பழுதுள்ள ஒரு நிலையை மட்டும், பழுதுள்ள ஒரு இணைப்பில் மட்டும் மூடுவதே நாம் கொடுக்க வேண்டிய தீர்வு.

லினக்ஸ் 5.5 ஆம் பதிப்பிலிருந்து இதற்கு நல்ல கருவி உண்டு. சிஸ்எஃப்எஸ்ஸில் சாதனத்தின் அடைவுக்குள் 'லிங்க்' என்ற உள்ளடைவு இருக்கும். அதனுள் எல்0எஸ்_ஏஎஸ்பிஎம், எல்1_ஏஎஸ்பிஎம், எல்1_1_ஏஎஸ்பிஎம், எல்1_2_ஏஎஸ்பிஎம், சிஎல்கேபிஎம் முதலிய கோப்புகள் இருக்கும். 0 எழுதினால் அந்த நிலை அந்த இணைப்பில் மூடப்படும். கொள்கை பின்னர் மாறினாலும் மூடியது மூடியபடியே இருக்கும். மாறாக, 1 எழுதுவது அனுமதி மட்டுமே. நடப்புக் கொள்கை பெர்ஃபோமன்ஸ் என்றால், 1 எழுதியபின் வாசித்தாலும் 0 என்றே வரும். எழுதியபின் கோப்பைத் திரும்ப வாசியுங்கள். அதன்பின் 'செட்பிசிஐ' கொண்டு இரு முனைப் பதிவகங்களையும் வாசியுங்கள். எழுதியது வேறு, நடந்தது வேறு என்று இருமுறை ஏமாந்தபின் நான் கைக்கொண்ட பழக்கம் இது.

ஆழமான நிலையிலிருந்து மேல்நோக்கி வாருங்கள். முதலில் எல்1.2 ஐ மட்டும் மூடிச் சோதியுங்கள். பழுது நீடித்தால் எல்1.1; பின்னர் கடிகார நிறுத்தம்; பின்னர் எல்1 முழுவதும்; கடைசியாக எல்0எஸ். 'செட்பிசிஐ' கொண்டு கையால் எழுத வேண்டிய பழைய கர்னல் என்றால், '=0:3' என்று மறைப்புடன் எழுதி, கீழ் இரு பிட்டுகளை மட்டும் தொடுங்கள். எல்1 ஐ மூடும்போது கீழ்முனையாகிய சாதனத்தில் முதலிலும் ரூட் போர்ட்டில் பின்னரும் எழுத வேண்டும். திறக்கும்போது ரூட் போர்ட்டில் முதலில். வரிசை தவறினால், இசைவு தர ஒருவரும் இல்லாத நேரத்தில் சாதனம் உறக்கம் கேட்கும் நிலை உண்டாகும்; அப்போது தோன்றும் பழுது நீங்கள் உண்டாக்கியது.

சும்மா இருக்கவிட்டுச் சோதித்தல்

பழுதைத் தூண்டுவதற்கு எஸ்எஸ்டிக்கு இடைவிடாத வேலை கொடுப்பவர்களைக் கண்டிருக்கிறேன். வேலை நடந்துகொண்டிருக்கும் இணைப்பு உறங்காது; உறங்காதது விழுவதும் இல்லை. பெரிய கோப்புகளைப் படியெடுத்து, இரவு முழுவதும் ஓடியும் விழவில்லை என்று சான்று தருவது இந்தப் பழுதைப் பொறுத்தவரை பயனற்றது. நமக்கு வேண்டியது நீண்ட அமைதியும், இடையிடையே ஒரு சிறு தொடுகையும். ஆகவே சில செக்கன்களுக்கு ஒருமுறை எஸ்எஸ்டியிலிருந்து ஒரு 4 கிலோபைட் துண்டை மட்டும் 'டிடி' ஆணையால், 'ஐஃபிளாக்=டிரெக்ட்' சேர்த்து வாசிக்கும் சிறு சுழலை ஓடவிடுங்கள். அந்தச் சொல் இல்லையேல், இரண்டாம் முறையிலிருந்து வாசிப்பு நினைவகத்திலிருந்தே வரும். எஸ்எஸ்டி எழவே மாட்டாது. இடைவேளையை ஒரே அளவாக வைக்காமல், ஒரு செக்கன் முதல் ஒரு நிமிடம் வரை மாற்றி மாற்றி வையுங்கள்.

பழுது தோன்றும் காலத்தைக் குறைந்தது ஐந்து முறை அளந்து, அவற்றுள் நீண்டதைப் போல் மூன்று நான்கு மடங்கு நேரம் விழாமல் ஓடினால் மட்டுமே நலம் என்று எழுதுங்கள். அந்த மாணவரின் கணினியில் எல்1.2 திறந்திருந்தபோது ஐந்து முறையும் கால் மணித்தியாலத்துக்குள் விழுந்தது. எல்1_2_ஏஎஸ்பிஎம் கோப்பில் 0 எழுதி, பவர்சூப்பர்சேவ் கொள்கையை மாற்றாமலே விட்டு, மின்கலம் தீரும்வரை ஓடவிட்டபோது விழவில்லை. மறுபடி 1 எழுதினேன். ஒன்பதாம் நிமிடத்தில் விழுந்தது. பழுதை நீக்குவது மட்டும் போதாது, வேண்டும்போது திரும்ப வரவழைக்கவும் முடிந்தால்தான் காரணத்தைப் பிடித்தோம் என்று சொல்லலாம்.

எல்1.2 ஏன் இவ்வளவு அடிக்கடி சிக்கலாகிறது என்பதற்கு விளக்கம் உண்டு. அந்த நிலைக்குள் செல்வதற்குக் கடிகாரக் கோரிக்கைக் கம்பி இரு முனைகளுக்கும் இடையே உண்மையாகவே இணைக்கப்பட்டிருக்க வேண்டும். எவ்வளவு தாமதத்தைப் பொறுக்க முடியும் என்று சாதனம் எல்ரிஆர் செய்தியால் அறிவிக்க வேண்டும். எழும்போது மின் நிலைபெறுவதற்கும் பொது மின்னழுத்தம் மீள்வதற்கும் ஒதுக்கப்பட்ட நேரங்கள் இரு முனைகளுக்கும் போதுமானவையாக இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று பிசகினாலும் இணைப்பு உறங்கும், எழாது. 'எல்1சப்சிரிஎல்2' வரியில் வரும் மின் நிலைபெறும் நேரத்தை, இரு முனைகளின் 'எல்1சப்கேப்' வரிகளில் அறிவிக்கப்பட்ட நேரங்களோடு ஒப்பிடுங்கள். அவ்விரண்டில் பெரியதைவிடக் குறைவாக எழுதப்பட்டிருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

இதற்கு நேர்மாறான முறைப்பாடும் வரும்: எல்1 திறக்கவே மறுக்கிறது, மின்கலம் விரைவில் தீர்கிறது என்பர். அங்கே கர்னல் செய்யும் கணக்கைப் பாருங்கள். பாதையிலுள்ள ஒவ்வோர் இணைப்புக்கும், இரு முனைகளின் எழும் நேரங்களில் பெரியதை எடுத்து, கடந்து வந்த ஒவ்வொரு சுவிட்ச்சுக்கும் 1 மைக்ரோ செக்கன் கூட்டி, அது சாதனம் பொறுத்துக்கொள்வதாக அறிவித்த தாமதத்தை மிஞ்சினால் கர்னல் அந்த இணைப்பில் எல்1 ஐத் திறக்காது. சாதனம் 8 மைக்ரோ செக்கன் மட்டுமே பொறுப்பேன் என்கிறது, இணைப்பு எழ 16 எடுக்கிறது என்றால், கர்னல் மறுப்பது பிழையன்று. 'பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஃபோர்ஸ்' என்பதை இதற்கு மருந்தாகக் கொள்ளாதீர்கள்; கணினி முற்றாக உறையக்கூடும் என்று கர்னல் ஆவணமே எச்சரிக்கிறது.

குற்றவாளி வேறாக இருக்கும்போது

எல்லா இணைப்பு நிலைகளையும் மூடியும் எஸ்எஸ்டி மறைந்தால், சாதனத்தின் சொந்த உறக்கத்தைப் பாருங்கள். என்விஎம்இ எஸ்எஸ்டிகள் தமக்குள்ளே தனியான மின்நிலைகளைக் கொண்டவை; 2017 இல் வந்த 4.11 ஆம் கர்னல் முதல் லினக்ஸ் அவற்றுக்குள் தானாக இறங்க அனுமதிக்கிறது. 'என்விஎம்இ_கோர்.டிஃபோல்ட்_பிஎஸ்_மேக்ஸ்_லேட்டன்சி_யுஎஸ்=0' என்ற அளவுரு அதனை நிறுத்தும். இதைத் தனியாக, ஏஎஸ்பிஎம் அமைப்பைத் தொடாமல் சோதியுங்கள். டி3கோல்ட் மீது ஐயம் இருந்தால், சாதன அடைவிலுள்ள 'டி3கோல்ட்_அலவ்ட்' கோப்பில் 0 எழுதலாம்; போர்ட்டுகளின் உறக்கத்தை 'பிசிஐஇ_போர்ட்_பிஎம்=ஓஃப்' நிறுத்தும். 'பவர்' உள்ளடைவில் உள்ள 'ரன்டைம்_ஸ்டேட்டஸ்' கோப்பு, கர்னலின் கணக்கில் சாதனம் விழித்திருக்கிறதா உறங்குகிறதா என்று சொல்லும்.

தொடுமுனைப் பழுதை மறந்துவிடக் கூடாது. சாதன அடைவில் 'ஏஇஆர்_டெவ்_கரெக்டபிள்' என்ற கோப்பு இருந்தால், அதில் திருத்தப்பட்ட பிழைகளின் எண்ணிக்கை வகைவாரியாக இருக்கும். இடைவிடாத வேலையில் ஏறாமல், உறங்கி எழும் வேளையில் மட்டும் ஏறினால் சந்தேகம் மின்சேமிப்பின் மேல். வேலை செய்யும்போதும் உறங்கும்போதும் ஒருசேர ஏறினால் சந்தேகம் கம்பியின் மேல். குருநகர், பாசையூர்ப் பக்கம் கடற்காற்றில் இருந்த கணினி என்றால் நான் முதலில் மின்கலத்தைக் கழற்றி, எஸ்எஸ்டியை எடுத்து, தொடுமுனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்ககோலால் துடைத்துத் திரும்பப் பொருத்திய பிறகே மற்றதைத் தொடங்குவேன். 'பிசிஐ=நோஏஇஆர்' என்று கொடுத்துப் பிழைச் செய்திகளை மறைப்பதைச் சிலர் தீர்வாகச் சொல்வர். அது செய்தியை மட்டுமே நிறுத்தும்.

யுஎஸ்பி, சாட்டா இணைப்புகளுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். யுஎஸ்பியில் 'பவர்' அடைவின் 'கொன்ட்ரோல்' கோப்பில் 'ஓன்' எழுதினால் தானியங்கி உறக்கம் அந்த ஒரு சாதனத்துக்கு நிற்கும். யுஎஸ்பி இணைப்பின் சிறு உறக்கங்களே காரணம் என்றால், 'யுஎஸ்பிகோர்.குவேர்க்ஸ்' அளவுருவில் சாதனத்தின் அடையாள எண்களுக்குப் பின் கே என்ற எழுத்தைச் சேர்க்க வேண்டும். சாட்டாவில் 'லிங்க்_பவர்_மனேஜ்மன்ட்_பொலிசி' கோப்பில் 'மேக்ஸ்_பெர்ஃபோமன்ஸ்' எழுதிச் சோதிக்கலாம்.

கர்னலுக்குள் செல்ல வேண்டிவந்தால்

முந்தைய கர்னலில் நலமாக இருந்து, மேம்படுத்தியபின் பழுது வந்தது என்று உறுதியாகத் தெரிந்தால், 'கிட் பைசெக்ட்' போல் நேர்மையான கருவி வேறில்லை. இரு பதிப்புகளுக்கு இடையே பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் இருந்தாலும், பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போனால் ஏறத்தாழ 14 கட்டங்களில் ஒரே மாற்றத்துக்கு வந்துவிடலாம். 'மேக் லோக்கல்மொட்கொன்ஃபிக்' கொண்டு தேவையான மொடியூல்களை மட்டும் தொகுத்தால் ஒவ்வொரு கட்டமும் விரைவில் முடியும். ஆனால் இந்தப் பழுது விட்டுவிட்டு வருவது என்பதால், நலம் என்ற ஒரு தவறான தீர்ப்பு மீதிக் கட்டங்கள் அனைத்தையும் கெடுத்துவிடும். முன்பு சொன்ன மூன்று நான்கு மடங்கு காத்திருப்பை இங்கே சுருக்காதீர்கள்.

மூலநிரலை வாசிப்பவர்கள் 'டிரைவர்ஸ்/பிசிஐ/பிசிஐஇ/ஏஎஸ்பிஎம்.சி' கோப்பில் தொடங்குக. 2008 முதல் வளர்ந்துவரும் அந்தக் கோப்பு மிகப் பெரியதன்று. கொள்கை எங்கே நிலையாக மாறுகிறது, தாமதக் கணக்கு எங்கே நடக்கிறது என்பவற்றை ஒரு மாலைப் பொழுதில் பின்தொடரலாம். ஏற்கெனவே பழுதறிந்த சாதனங்களுக்கான விதிவிலக்குகள் 'குவேர்க்ஸ்.சி' கோப்பில் உள்ளன. உங்கள் சாதனத்தின் எண் அங்கே இருக்கிறதா என்று முதலிலேயே தேடிப் பாருங்கள்.

தீர்வை நிலைப்படுத்துதல்

சிஸ்எஃப்எஸ்ஸில் எழுதியது மறுதொடக்கத்தில் அழிந்துவிடும். அதனால், சாதனங்கள் சேரும்போது அமைப்புகளை இடும் யுடெவ் சேவைக்கு விதி ஒன்றை எழுத வேண்டும்: பிசிஐ துணைமுறைமையில், தயாரிப்பாளர் எண்ணும் சாதன எண்ணும் இவையாக உள்ள சாதனம் சேரும்போது, அதன் 'லிங்க்/எல்1_2_ஏஎஸ்பிஎம்' பண்பில் 0 எழுதுக என்று. முகவரியைக் கொண்டு விதி எழுதாமல் எண்களைக் கொண்டு எழுதுங்கள். வேறொரு அட்டை பொருத்தப்பட்டால் முகவரி மாறிவிடக்கூடும், அப்போது விதி தவறான சாதனத்தைப் பிடிக்கும். அதற்கு முன் எஸ்எஸ்டியின் உள்நிரலாகிய ஃபேர்ம்வெயாருக்கும் பயாஸுக்கும் புதிய பதிப்பு உண்டா என்று பார்த்து, இருந்தால் நிறுவி, அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஃபேர்ம்வெயாரை மேம்படுத்தும்போது சார்ஜர் செருகியிருக்கட்டும், மின்கலமும் நிறைந்திருக்கட்டும்.

ஒரே சாதனம் பலருக்கும் இப்படி விழுகிறது என்றால், கர்னலிலேயே விதிவிலக்காகச் சேர்க்குமாறு பிசிஐ பகுதியின் பராமரிப்பாளர்களுக்கு எழுதலாம். இரு முனைகளின் முழு 'எல்எஸ்பிசிஐ' வெளியீடு, விழுந்த கணத்தின் கர்னல் பதிவு, கர்னல் பதிப்பு, எந்த ஒரு நிலையை மூடினால் பழுது நிற்கிறது, திறந்தால் எத்தனை நிமிடத்தில் திரும்புகிறது என்பவை அனைத்தும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும்.

அந்த மாணவரின் எஸ்எஸ்டிக்குப் புதிய ஃபேர்ம்வெயார் இருக்கவில்லை. யுடெவ் விதியை எழுதி, கணினியை மறுதொடக்கம் செய்து, மூடித் திறந்து, சார்ஜரைக் கழற்றிய பின் 'எல்1சப்சிரிஎல்1' வரியை இரு முனைகளிலும் வாசித்தோம். எல்1.1 க்குப் பக்கத்தில் கூட்டல் குறி, எல்1.2 க்குப் பக்கத்தில் கழித்தல் குறி, இரண்டு முனைகளிலும் ஒரேமாதிரி. விதிக் கோப்பின் முதல் வரியில் பழுதின் விவரத்தையும், எந்தக் கர்னல் பதிப்பில் கண்டோம் என்பதையும் குறிப்பாக எழுதி வைத்தோம். அடுத்த கர்னல் வரும்போது அந்த விதியை நீக்கிவிட்டு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பதையும் அதே குறிப்பில் சேர்த்தோம்.